பார்த்துவிட்டுத் தொடுகிறவர்

எட்டு விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார் ரெஜிஸ்டர் அக்கா. கட்டைவிரல்கள் கணக்கில் சேராது. நீட்டிய விரல் ஒன்று, மடக்கிய விரல் சைபர். அந்த நேரத்தில் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் எரித்துவிடுவதுபோல் ஒரு பார்வை. பிறகு, "ஒண்ணு சொல்லிடுங்க, சர்க்கரை வேணாம்."

வயர்லெஸ் சிப்பை இயக்கும் டிரைவர் நிரல் எழுதுவது அவர் தொழில். சிப்புக்குள் முப்பத்திரண்டு பொடிச் சுவிட்சுகள் கொண்ட வரிசைகள் ஏராளம். ஒரு வரிசை ஒரு ரெஜிஸ்டர்; போட்ட சுவிட்ச் ஒன்று, அணைத்தது சைபர். ஒன்றைத் தட்டப் போய்ப் பக்கத்துச் சுவிட்சையும் அணைத்தால் போச்சு. அதற்காகவே அக்கா ஓர் உதவி ஃபங்ஷன், சின்ன நிரல் துண்டு, எழுதியிருக்கிறார். முதலில் வரிசையைப் படிக்கும், கேட்ட சுவிட்சை மட்டும் மாற்றும், மற்றதை இருந்தது இருந்தபடி திருப்பி எழுதும். பதினொரு வரிதான். "பார்த்துட்டுத் தொடுங்கப்பா" என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவுக்காக ஐந்தை நகர்த்தினால் ஐந்தும் பழைய இடத்துக்கு வந்தாக வேண்டும். கணவர் பாவம், இப்போதெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் உள்ளே கை வைக்கிறார்.

போன வியாழக்கிழமை அக்காவுக்குச் சோதனை வந்தது. மருத்துவமனைக் கட்டிலருகே வைக்கும் இதயத்துடிப்பு மானிட்டர், இந்தச் சிப் மூலம் கம்பியில்லாமல் நர்ஸ் மேசையோடு பேச வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊமையாகிவிடுகிறது. மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் சிப்பையே மாற்றப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். மாற்றினால் அக்காவின் இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். காலை முழுக்க அவரும் சிப்பைத்தான் திட்டித் தீர்த்தார்.

பன்னிரண்டரைக்கு, சிப் கையேட்டின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. இந்த வரிசையைப் படித்தாலே அதிலுள்ள கொடி, அதாவது ஓர் அடையாளச் சுவிட்ச், இறங்கிவிடும். செய்தி வந்திருக்கிறது என்று சிப் தூக்கிக் காட்டும் கொடி! அதே வரிசையில் வேறொரு சுவிட்சைத் தட்டுவதற்காக அவருடைய ஃபங்ஷன் சமர்த்தாக முதலில் படித்துப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் கொடி ஏறியிருந்தால் தீர்ந்தது, வந்த செய்தி வந்ததே யாருக்கும் தெரியாது.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார். "நான்தாங்க. பார்த்துப் பார்த்தே கெடுத்திருக்கேன்" என்றார் எதிர் மேசையில் ஆண்டெனா வேலை பார்ப்பவரிடம். முகத்தில் லாட்டரி விழுந்த சந்தோஷம். தப்பு செய்தவர் இப்படியா குதிப்பார் என்று அந்த மனிதர் விழித்தார்.

இந்த வரிசைக்கென்று தனியாக இன்னொரு ஃபங்ஷன் பிறந்தது. கடைசியாக எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டு, படிக்காமலே எழுதும். ஒன்றேகாலுக்கு ஓடவிட்டார். இருபது நிமிடம் தாண்டியது, நாற்பது தாண்டியது, மூன்று மணியும் ஆனது. துடிப்புக்கோடு ஒருமுறைகூட அறுபடவில்லை. அறையில் ஒரே கைத்தட்டல்.

மேனேஜர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பழியைச் சிப் மேலயே போட்டுடலாங்க, யார் கேக்கப் போறா?" என்றார். திருத்தத்தோடு போகும் குறிப்பில், பிழை யாருடைய நிரலில் நேர்ந்தது என்று ஒரு வரி உண்டு. பலர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

அக்கா திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிவைத்தார். அந்த வரியில் தன் பெயரை, இனிஷியலோடு, முழுசாக அடித்தார்.