வார்னிங் பியூலா

செவ்வாய்க்கிழமை காலை வண்டலூர் மேம்பாலத்தில் அலுவலக வேன் ஊர்ந்துகொண்டிருந்தபோது, நம் பழைய குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பியூலா காலமாகிவிட்டார், மாரடைப்பு, அடக்கம் மாலை நான்கு மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில். இரண்டு முறை படித்தேன். பாலம் இறங்கியதும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு ‘வார்னிங் பியூலா’ என்றால்தான் சட்டென்று தெரியும். கம்ப்யூட்டர் திரையில் வரும் எச்சரிக்கைகளை நாமெல்லாம் தள்ளிவிட்டுப் போவோம். அவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், இன்னும் நாலு இருக்கிறது என்பார். “எரர் வந்தா அதுவே நம்மள நிறுத்திடும். வார்னிங் வந்தா நாமதான் நிக்கணும்” என்பது அவர் அடிக்கடி சொன்னது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே நான்தான்.

குழந்தைகள் வார்டுக்கான மருந்து பம்பு ஒன்றுக்கு நாம் புரோகிராம் எழுதியது நினைவிருக்கும். அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பிழை தேடும் டீபக்கர் அவர் திரையில் ஒரு வரி காட்டியது. மருந்தின் அளவு என்ற ஒரே விஷயம் இரண்டு கோப்புகளில் இரண்டு விதமாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஒன்றில் தசமப் புள்ளியோடு, மற்றதில் முழு எண்ணாக. ஒரு கோப்பு எழுதிய அளவை மற்றது வேறு எண்ணாகப் படித்துவிடும். நம் சோதனைகளில் அது மாட்டவில்லை. பம்பு ஒழுங்காகத்தான் ஓடியது.

கூட்டத்தில் மேலாளர் பொறுமை இழந்து, ஓடுகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். “ஓடுது சார். குழந்தைக்கு எவ்வளவு போகுதுன்னுதான் என்னால சொல்ல முடியல” என்றார் பியூலா. அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வேலை மூன்று வாரம் தள்ளிப்போனது. வாடிக்கையாளர் கத்தியதும், நம்மில் பலர் அவரோடு முகம் கொடுத்துப் பேசாததும், கடைசியில் அவரை வேறு குழுவுக்கு மாற்றியதும் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. எல்லாக் கோப்புகளும் பயன்படுத்தும் மருந்து அளவின் பொது வரையறையில் கைவைக்க இன்னொரு குழுவின் அனுமதி வேண்டும். அது வரப் பத்து நாளாகும். காத்திருக்கப் பொறுமையில்லாமல், அதை நகலெடுத்து என் கோப்பில் ஒட்டி, வேண்டியபடி மாற்றிக்கொண்டவன் நான். பிறகு மறந்தும் போனேன். பியூலா தன் அறிக்கையில் ‘ஒரு கோப்பில்’ என்று மட்டும் எழுதினார். கேன்டீனில் டீயை என் முன்னால் வைத்து, “குமார், அது உங்க ஃபைல். நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க” என்றார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் என்னைக் குழுத் தலைவராக்கினார்கள். அவர் வந்து கைகொடுத்தார்.

அதன் பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டோம். என் மகளின் படிப்பை விசாரிப்பார். அந்தக் கோப்பைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர் மகள் என்னிடம் வந்தாள். அம்மா ஆபீஸில் எல்லாருக்கும் தொந்தரவு என்று சொல்வார்களாமே, உண்மையா அங்கிள் என்று கேட்டாள்.

“இல்லம்மா. தப்பு என்னோடது. உங்க அம்மா அதைக் கண்டுபிடிச்சாங்க” என்றேன்.

“அது உங்க தப்புன்னு அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் தலையாட்டிவிட்டு உறவினர்கள் பக்கம் போனாள்.

அவளிடம் சொன்னதை இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். பியூலாவின் நினைவாக என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. இத்தனை வருஷம் உங்களிடம் எனக்கு இருந்த நல்ல பெயர் இருக்கிறது. அது அவர் விட்டுக்கொடுத்தது.