குமிழ் பார்க்க ஓர் ஆள்

மருதமுனை மீராசாஹிபுவின் பிக்கப்புக்கு இருபத்திரண்டு வயது. பாலமுனைக் கரையில் மீன்பெட்டிகளை ஏற்றி, உள்ளே வயற்பக்கத்துச் சந்தைகளில் இறக்குவதுதான் அவர் தொழில். பிள்ளைகள் இல்லை. வாகனத்தில் கோளாறு வந்தால் அவர் அடியில் படுப்பார். மனைவி பஸ்மிலா எஞ்சினருகே நின்று பார்த்துச் சொல்வாள். ஸ்பேனர்ச் சாவிகளை நம்பர் சொல்லிக் கேட்டால் பிழையில்லாமல் எடுத்து நீட்டுவாள். அவள் மௌத்தாகி அடக்கம் முடிந்து இரண்டு வருடம்.

போன மாரியில் வாகனம் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது. ஹேண்ட் பம்பை நாற்பது தடவை அமுக்கினால்தான் டீசல் ஏறும். கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் குணம் பார்த்துவிட்டு, "இஞ்செக்ஷன் பம்ப் போயிட்டு காக்கா. வேற போடணும்" என்றான்.

மீராசாஹிபு நம்பவில்லை. கேனில் டீசல் ஊற்றி, டாங்கியை விட்டுவிட்டு, கேனிலிருந்து நேரே பில்டருக்குக் குழாய் கொடுத்தார். எஞ்சின் சீராக ஓடியது. பம்பில் குற்றமில்லை, டாங்கிக்கும் பில்டருக்கும் இடையில் எங்கோ எயார் இழுக்கிறது. மயிரிழை வெடிப்பாக இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். பழையபடி டாங்கியோடு இணைத்து, பில்டருக்கு முன்னால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தினார். அதற்குள் குமிழ்கள் ஓடின.

இனி அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். எதைப் பிடிக்கும்போது குமிழ் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. ஆனால் கீழே பிடித்துக்கொண்டு மேலே பார்க்க முடியாது. இரண்டு தடவை ஊர்ந்து வெளியே வந்து பார்த்தார்; மூன்றாவது தடவை கண்ணாடிக் குழாயை அப்படியே விட்டுச் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டார். அயலில் ஆளில்லாமல் இல்லை. அந்த இடத்தில் வேறொருவரை வந்து நில் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு மாதம் பம்பை அமுக்கியே ஓட்டினார்.

ஒருநாள் பத்து மணி வெயிலில், சொறிக்கல்முனையில் ஒரு வீட்டு வளவுக்கு முன்னால் வாகனம் நின்றது. பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டியது. கை சோரும்வரை அமுக்கியபின் எஞ்சின் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இப்படியே ஓட்டினால் வயலுக்குள்தான் நிற்கும்.

வளவுக்காரி அன்னப்பிள்ளை, எழுபதைத் தாண்டியவர், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு மீராசாஹிபு செம்பை வேலியோரம் வைத்தார்.

"அக்கா, ஒரு உதவி. இந்தக் குழாயப் பாருங்க. குமிழ் ஓடுதா?"

"ஓம் தம்பி, பொரிஞ்சு பொரிஞ்சு ஓடுது."

"நான் கீழ படுக்கன். அது நிண்டா ஒரு சத்தம் போடுங்க."

படுத்து முதல் மூட்டைப் பிடித்தார்.

"வருகுது தம்பி."

இரண்டாவது.

"இன்னும் வருகுது."

டாங்கிக்குப் பக்கத்து ரப்பர்க் குழாயின் நுனியை விரல்களால் நெரித்தார்.

"நிண்டுட்டு! தம்பி, நிண்டுட்டு!"

அவர் பிடித்த பிடியிலேயே கிடந்தார். கண்ணோரம் நனைந்து காதுப்பக்கம் வழிந்தது.

"கேக்குதா தம்பி? நிண்டுட்டு எண்டு சொல்றன்."

"ஓம் அக்கா. கேக்குது."

எஞ்சினை நிறுத்தி, கிளிப்புக்குக் கீழே வெடித்திருந்த நுனியை இரண்டு விரற்கடை வெட்டியெறிந்தார். மிச்சக் குழாயை இழுத்துச் செருகிப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினார். பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தார். குழாயில் டீசல் தெளிந்து ஓடியது.

"வீட்டில ஆரு இதெல்லாம் பாத்துத் தாற?" என்றார் அன்னப்பிள்ளை.

"பொண்டாட்டி பாத்தவ. மௌத்தாயிட்டா." ஊருக்கே தெரிந்த விசயம், தன் வாயால் அவர் அதைச் சொன்னது அன்றுதான்.

அன்னப்பிள்ளை செம்பை எடுத்துக்கொண்டு, வாகனம் புறப்படும்வரை வெயிலிலேயே நின்றார். வேண்டாம் என்று அவர் மறுத்தும் மீராசாஹிபு இரண்டு பாரைமீனை வேலிக்கம்பில் கொழுவிவிட்டுப் போனார்.

சந்தையில் மீன்காரர்கள் சினந்தார்கள். "இவ்வளவு நேரமும் எங்க காக்கா போன?"

"எயார் இழுத்துட்டு" என்றுவிட்டு அவர் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.