பெரியப்பாவுக்கு நான் போடாத போன்

மஞ்சள் மூட்டை வாசம் மூக்கில் ஏறினாலே எனக்கு அக்காவின் நிச்சயம்தான் ஞாபகம் வரும்...

நடக்காத நிச்சயம்.

நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் அக்காவுக்கு உப்பு சர்க்கரை மாற்றுவதாக இருந்தது. எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு அதுதான் பெயர். மாப்பிள்ளையை அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக வாசல் கூட்டும்போதுகூடப் பாட்டு.

காலையில் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேட்டூர்க்காரர், அங்கே கம்பெனி வேலையில் இருந்த என் பெரியப்பாவைத் தெரிந்தவர்.

"தம்பி, உங்க பெரியப்பா குவார்ட்டர்ஸ் முன்னால சாமியானா போட்டிருக்குதுங்க. சங்கு ஊதறாங்க. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டில் போன் உண்டு. என் மேஜை மேலும் போன் இருந்தது. எஸ்.டி.டி. போட்டால் இரண்டு நிமிடம்.

போடவில்லை. மொபெட்டை எடுத்தேன்.

பதறிப்போய்விட்டேன் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். அது பாதிதான் நிஜம். ஒவ்வொரு பங்காளி வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, எல்லோரும் என் வாயையே பார்க்க, நான் சொல்ல... அதில் ஒரு பெருமையும் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கேட்ட வீட்டிலெல்லாம் அடுப்பை அணைத்தார்கள். தீட்டு விழுந்த பிறகு நல்ல காரியம் எப்படி நடக்கும்? அப்பாவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு நிறுத்தினார். மேட்டூருக்கு ஒரு போன் போட அவருக்கும் தோன்றவில்லை. அக்கா மருதாணி வைத்த கையை மடக்காமல் நின்றபடி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நீ பாத்தியாடா?"

டிரைவர் பார்த்தார் என்றேன்.

மதியம் மாலையோடு மேட்டூரில் போய் இறங்கினோம். சாமியானாவுக்கு அடியில், முதல் வரிசை நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்!

இறந்தது மாடி வீட்டுக்காரர். மாடியில் இருப்பவருக்கும் வாசல் கீழேதானே... பெரியப்பா அப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மேல் ஊட்டுக்காரர உனக்கு எப்படிடா பழக்கம்?"

அப்பா அந்த மாலையை மாடி வீட்டுக்காரருக்கே போட்டுவிட்டு வந்தார்.

திரும்பும்போது வேனில் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் பேசியபோது சிரிப்பு நின்றுவிட்டது. எழவு சொல்லி நின்ற காரியம், சகுனம் சரியில்லை, வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா இரண்டு முறை நேரில் போய்க் கெஞ்சியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டித் தீர்த்திருக்கலாம். பாட்டு மட்டும் நின்றுபோனது.

இரண்டு வருடம் கழித்துத் திருச்செங்கோட்டுப் பக்கம் வாக்கப்பட்டாள். நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஆனால் குழந்தை பிறந்த சேதியோ பரீட்சை ரிசல்ட்டோ, நான் எதைச் சொன்னாலும் இன்றுவரை அதே கேள்விதான்.

போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பாவின் போட்டோவைப் போட்டு யாரோ 'ஓம் சாந்தி' என்று எழுதினார்கள். ஒரே நிமிடத்தில் நாற்பது கூப்பிய கைகள். அன்று நான் மொபெட்டில் வீடு வீடாக அலைந்து செய்ததை இப்போது கட்டைவிரலே செய்துவிடுகிறது. ஒருவராவது போன் போட்டுக் கேட்டாரா, தெரியாது.

அக்கா குரூப்பில் ஒன்றும் போடவில்லை. எனக்கு மட்டும் தனியாக அனுப்பினாள்: "நீ பாத்தியா?"

இல்லக்கா, பஸ்ஸில் இருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

சேலத்தில் பெரியப்பா மகன் வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து, அவர் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே தோன்றவில்லை.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பாத்துட்டேன்க்கா."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"செரி சாமி... நீ சொன்னாச் செரி. வாரேன்."