வெடிக்கு அப்புறம் வரும் குரல்

சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் எங்கள் ஊரில் பகலில் டமாரென்று கேட்டால், "என்ன சத்தம்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். தெருவுக்கு ஓடிவந்து புகை எங்கே எழும்புகிறது என்று பார்ப்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிரபாகரனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் தன் பாட்டை வெடிச்சத்தத்தில் ஆரம்பித்து வைத்திருக்கிறானே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

பிரபாகரன் என் பக்கத்து வீட்டு மாடத்தியின் ஒரே மகன். மதினி முறை என்பதால் எனக்கு அவள் மயினி. மயினி பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். அவள் வீட்டுக்காரர் முனியசாமி அதே கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தியவர். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அங்கே நடந்த விபத்தில் செத்துப்போனார். பையன் வளர்ந்து சென்னைக்குப் போனான். கிட்டாரைப் பிடித்தான், ஆள் சேர்த்தான், ராக் பேண்ட் என்றான். போன வருடம் அவர்கள் போட்ட பாட்டு பஸ், டீக்கடை, செல்போன் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் ஒலித்தது. எங்கள் ஊரில் மட்டும் அதற்கு இடமில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டோம். வெம்பக்கோட்டை ரோட்டு மண்டபத்தில் ஒரு கல்யாணம். மைக்செட் பாலகுரு, "நம்ம ஊர்ப் பயலோட பாட்டு" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். டமார்! பந்தியில் பாதிப்பேர் எச்சில் கையோடு ரோட்டுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையின் சித்தி வாசலில் நின்று, கம்பெனி வேலைக்குப் போயிருந்த தன் மூத்த மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தக் கூச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை; கிட்டார் வந்த பிறகுதான் பாட்டென்று தெரிந்தது. பாலகுருவை ஏசாத வாயில்லை. மயினி மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அதற்கப்புறம் அதே பாட்டை வேறு மாதிரிப் பதிந்திருக்கிறார்களா என்று தேடினோம். ஒரு காலேஜ் மேடையில் பாடியது கைதட்டலில் ஆரம்பித்தது. இன்னொன்று வெறும் கிட்டாரோடு, தாலாட்டு மாதிரி இருந்தது. இரண்டிலும் வெடி இல்லை. இப்போது ஊர் விசேஷங்களில் கைதட்டல் பாட்டுத்தான் ஓடுகிறது.

மயினி இரண்டையும் கேட்டுவிட்டு, "இது எம்மவன் கொரல் இல்லயே" என்றாள்.

இல்லைதான். பாடுகிறவன் வேறொருத்தன். பிரபாகரன் வாயைத் திறந்தது முதல் பதிவில் மட்டும்தான். அதுவும் வெடிக்கு அப்புறம் ஒரு வார்த்தை. அவனே போனில் சொன்னான். என்ன வார்த்தை என்று கேட்டதற்கு, "நீயே கேட்டுப் பாரும்மா" என்று வைத்துவிட்டான். பிறகு போனும் குறைந்துபோனது. தீபாவளிக்கும் வரவில்லை. மயினி வேலை முடிந்து வந்து, தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள்.

மயினியின் போனில் பாட்டை வெடிக்கு அப்புறத்திலிருந்து ஓட்டப் பார்த்தேன். விரல் பட்டால் பாட்டு எங்கேயோ போய் நிற்கிறது. வெடியைத் தாண்டாமல் அவன் குரல் கிடைக்காது போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயினி கூப்பிட்டாள். "ஏளா மீனா, பக்கத்துல இரு. இன்னைக்குக் கேட்டுருதேன்."

தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெடித்தது. அவள் நகம் என் கையில் பதிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் குரல்:

"எம்மா, எங்கன இருக்கே?"

விபத்து நடந்த அன்றைக்குக் கம்பெனி கேட்டில் அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தியவள் நான். அப்பா செத்தது தெரியாமல், அம்மாவைத் தேடி இதே வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருந்தான். மயினி உள்ளே மயங்கிக் கிடந்தாள். அவளுக்கு அது கேட்கவே இல்லை. அதை நான் அவளிடம் இப்போதுதான் சொன்னேன். அந்தப் பயல் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மயினி போனைப் பார்த்து, "இங்கனதாம்லே இருக்கேன்" என்றாள்.

"அவங்கிட்டயே சொல்லுங்க மயினி" என்றேன்.

நம்பரைப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. மயினி பாட்டை முதலிலிருந்து வைத்தாள். வெடித்தபோது இந்தத் தடவை என் கையைப் பிடிக்கவில்லை. பாட்டில் அவன் எங்கன என்று கேட்டதும் பதில் சொன்னாள்.