கரண்ட் போனவனை அடிக்கக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தட்டில் இட்லி ஆறுவதற்குள் ஒன்பது தடவை செத்தாள். போனில்தான், பதறாதீர்கள். ஒவ்வொரு தடவையும் "போச்சு" என்று ஒரு சிரிப்பு. மூன்றாவது விநாடி அதே சட்டை, அதே துப்பாக்கியோடு எழுந்து ஐந்தாறு பேர் நடுவில் தலைதெறிக்க ஓடினாள்.

"செத்தா என்னடி போகும்?"

"ஒண்ணும் போகாது அத்தை. திரும்ப வந்துருவேன்."

"அப்பப் பயமே கெடையாதா?"

"எதுக்குப் பயப்படணும்?"

நியாயமான கேள்வி. போனை வாங்கிப் பார்த்தேன், சூடு தாங்கவில்லை. அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசம் என்னை நேராகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படியில் கொண்டுபோய் விட்டது.

மாடியில் எட்டு கம்ப்யூட்டர் வைத்த பிரவுசிங் சென்டர். கல்லூரி முடித்துவிட்டு அங்கேதான் என் முதல் வேலை. ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ ஒட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டவர்களைத் திட்டுவது. பதினொரு மணிக்கு மேல் ஈ ஓட்டுவோம். முதலாளி அருள்ராஜ் அண்ணனும் நானும் அந்த நேரத்தில் ஊர் பேர் தெரியாதவர்களோடு வாள் சண்டை விளையாடுவோம். திரையில் எனக்கு முறுக்கு மீசை, ஆறடி உயரம். நேரில் பஸ் கம்பி எட்டாது.

அந்த விளையாட்டில் செத்தால் கையிலிருக்கும் வாள் கீழே விழும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே, ஒரு வாரம் மாங்கு மாங்கென்று சேர்த்த புள்ளிகளும் போய்விடும். அதனால் பெயர்தான் சண்டை. நடந்ததெல்லாம் பேச்சுவார்த்தை. முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே வந்தால் பத்தடி தள்ளி நின்று வணக்கம் வைப்பார்கள். இரண்டு கூட்டம் மோதிக்கொள்ளக் கிளம்பினால் "நீ வாடா", "நீ வந்து பாருடா" என்று மதியச் சாப்பாடு வரை தட்டச்சு செய்துவிட்டுக் கலைந்துபோவார்கள். நிஜமாகவே அடித்துக்கொள்ள வேண்டி வந்தால், கிணற்றில் குதிக்கிறவன் வாட்சைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி, நல்ல வாளையெல்லாம் தங்கள் கூட்டத்துக் கோட்டையில் சண்டைக்குப் போகாமல் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத் துருப்பிடித்ததோடு போவார்கள். அத்தனை மரியாதையும் பயத்தில் பிறந்ததுதான். ஆனாலும் மரியாதை மரியாதைதானே?

அது கரண்ட் கட் காலம். எங்களுக்கு ஒரு நேரம், பழனிக்கு ஒரு நேரம், ஒட்டன்சத்திரத்துக்கு இன்னொரு நேரம். மூன்று ஊர் நேரத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். கரண்ட் போய் இணைப்பு அறுந்தாலும் ஆள் உடனே மறைய மாட்டான். கொஞ்ச நேரம் பொம்மை மாதிரி திரையில் அங்கேயே நிற்பான். அப்படி நிற்பவனை எதிரியாக இருந்தாலும் அடிக்கக் கூடாது, பக்கத்தில் காவல் நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து சென்டர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். அருள்ராஜ் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஏத்தா, கரண்ட் போனவன் மேல கை வச்சிராத. நாளைக்கு நமக்கும் போகும்."

எதிர்க் கூட்டத்தில் சண்முகம் என்று ஒருவன். நெய்க்காரப்பட்டிக்காரன், பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் வேலை. மதியம் சாப்பிடுகிற நேரத்தை மிச்சம் பிடித்து அங்கே ஒரு சென்டரில் விளையாடி ஒன்றரை வருஷத்தில் ஒரு நீல வாள் சம்பாதித்திருந்தான். அந்த வாளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் பாலத்தில் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தோம். அன்று சண்டைகூட இல்லை. மீசையை நம்பி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். "ஏனுங்ண்ணா, இன்னைக்குக் கடைல செமக் கூட்டமுங்க, அதான்" என்று பாதியில் நின்றது. ஆளும் நின்றுவிட்டான். பழனியில் கரண்ட் நேரம் மாறியிருக்கிறது.

காவல் நின்றேன். சத்தியமாக ஒரு நிமிஷம் நின்றேன். அப்புறம் சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. மூன்று அடி. நீல வாள் என் காலடியில் விழுந்தது. எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வெறுங்கையோடு வந்தான். தன்னை அடித்தது யார் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. வாள் என் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"அண்ணா, நீங்க எடுத்து வச்சிருக்கீங்ளா! நல்லவேளைங்க. கரண்ட் வந்து பாத்தா வாளக் காணோமுங்க, நைட்டெல்லாம் தூக்கமே இல்லீங்க."

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? "பத்திரமா வச்சிருந்தேன் தம்பி" என்று எழுதி வாளைக் கொடுத்தேன். அன்றிலிருந்து சண்டைக்குப் போகும்போதெல்லாம், தன் கூட்டத்து ஆட்களை விட்டுவிட்டு, எதிரியான என்னிடம் வாளைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் நன்றி வேறு சொல்வான். எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அண்ணன் பட்டத்தை விட மனசு வராது.

இரண்டு வருஷம் கழித்து அந்த விளையாட்டை மூடப்போவதாக அறிவித்தார்கள். கடைசி நாள் மட்டும் செத்தால் எதுவும் போகாது என்று சலுகை. பத்தடி தள்ளி நின்று கும்பிட்டவர்களெல்லாம் கண்ணில் பட்டவனை வெட்டினார்கள். விழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து திரும்ப வெட்டினார்கள். பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே சண்முகம் என்னைத் தேடி வந்து நின்றான். அவசர அவசரமாக எழுதினேன்: "அன்னைக்குப் பாலத்துல உன்னை அடிச்சது நான்தான்."

பழனியில் கரண்ட் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தேன். இருக்கிற நேரம்தான்.

"அப்படீங்களா" என்று வந்தது. பிறகு நீல வாளை ஓங்கி மூன்று அடி அடித்தான். நான் விழுந்தேன்.

"சரியாப் போச்சுங்ண்ணா."

மூன்றாவது விநாடி எழுந்துவிட்டேன். என் வாள் என் கையிலேயே இருந்தது. புள்ளிகள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏதாவது போயிருக்கலாம் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன்.