நாற்காலிக்கு ராசாவின் முதுகு

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழப்பழுவூர் பக்கம் நாடகம் பார்க்கப் போனேன். அழைத்தவள் என் பழைய மாணவி தமிழரசி. இப்போது அங்கே பள்ளி ஆசிரியை. எலிசபெத் ராணி காலத்து லண்டன் அரங்கு மாதிரியே இடம் பிரித்திருப்பதாகச் சொன்னாள்.

நான் போனதற்குக் காரணம் வேறு. ஆறு வருடம் முன்பு அந்த அரங்கைப் பற்றிய பாடத்தில், ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்று பார்த்த கூட்டத்தை ‘தரை டிக்கெட்’ என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் தமிழரசி முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவள் அப்பா, ஊர் நாடகங்களைக் கயிற்றுக்கு வெளியே நின்றே பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மதியம் 1.15க்கு பஸ். அரியலூர் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கூடும். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். போன வார நாடகத்துக்கு சேர் போட்டும் பஞ்சாயத்து பிரசிடெண்ட் அதில் உட்கார மறுத்துவிட்டதாக ஓட்டுநர் சிரித்தார்.

ஏன் என்று போனதும் புரிந்தது. நெல் காயவைக்கும் களத்தின் நடுவரை மேடை நீண்டிருந்தது. மூன்று பக்கமும் நிற்கிறவர்கள், மேடையைத் தொடும் நெருக்கத்தில். அவர்களுக்குப் பின்னால் பந்தல் போட்ட டிராக்டர் டிரெய்லர்களில் பெஞ்சுகள். லண்டனில் இன்னொரு பென்னி கொடுத்தவர்கள் உட்கார்ந்த மாடங்கள் அவை. அங்கே பிரபுக்களுக்கு இருந்தது போல, இங்கே பிரசிடெண்ட் மாதிரியானவர்களுக்குப் போட்ட நாற்காலிகளோ மேடைக்குப் பின்னால், உயரத்தில். எல்லோர் கண்ணிலும் படலாம்; பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் நடிகர்களின் முதுகு. வருடா வருடம் இதை நடத்தியிருக்கிறேன். யோசித்ததில்லை.

கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் தமிழரசியின் அப்பா. “சேரு மேல இருக்குங்க மேடம். ராசா முதுகு நல்லாத் தெரியும்” என்றார்.

கீழேயே நின்றேன். ஒன்றரை மணி நேரம், கால் கடுத்தது. ராசா மண்டியிட்டபோது அவன் வேர்வை என் கையில் தெறித்தது.

முடிந்ததும் தமிழரசியைத் தனியே அழைத்து, அன்று சொன்னது தவறு என்றேன். அவள் மறந்துவிட்டதாக நடிக்கவில்லை.

“வகுப்புலதான மேடம் சொன்னீங்க,” என்றாள். “அங்கயே சொல்லிடுங்க.”

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற இடத்தில் நிழல் இல்லை. நாடகம் ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு, திரும்ப 6.10க்கு பஸ் உண்டு. அதில்தான் வந்தேன். மறுநாள் முதல் பீரியட் இரண்டாமாண்டு வகுப்பு. அன்று சிரித்தவர்கள் ஒருவரும் அதில் இல்லை. இருந்தும், வருகைப்பதிவு எடுக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.