மாரியம்மன் காவலில் மருந்து ரூம் சாவி

பூச்சிமருந்தைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், சட்டம் இருக்கிறது என்று எங்கள் எஸ்டேட்டுக்குச் சொன்னவன் நான்தான். எண்பதுகளின் ஆரம்பம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். காலேஜும் முடித்து, சேலத்து மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு சின்னக் காப்பி எஸ்டேட்டில், கணக்கு எழுதும் உதவி ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். சேலத்தில் நடந்த கூட்டத்தில் விவசாய ஆபீசர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கோபத்தில் மருந்தைத் தேடிப் போகிறார்கள், கைக்கு எட்டாமல் வைத்தால் அதற்குள் கோபம் தணிந்துவிடும் என்றார் அவர். சாக முயன்றவனை ஜெயிலில் போடும் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பிழைத்து வந்தவனுக்குப் போலீஸைப் பரிசாகக் கொடுக்கிற சட்டம். அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று பட்டது.

எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. அக்கா வீட்டுக்காரர். அதே எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவர். சண்டை வந்தால், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நின்று, "மருந்தக் குடிச்சுருவேன், ஆமா!" என்று கத்துவார்.

"மொதல்ல சோத்தத் தின்னுங்க," என்பாள் அக்கா உள்ளிருந்து.

லைனே சிரிக்கும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

மருந்து ரூமுக்குப் பூட்டு வாங்கி வந்தேன். பெரிய ரைட்டர் பூட்டிவிட்டு, சாவியை அதே கதவில் ஆணி அடித்து மாட்டினார்.

"ஏனுங்க, பூட்டுக்குப் பக்கத்துலயே சாவியா?"

"தொலைஞ்சு போனா ஆரு தேடறது கண்ணு?"

அதன்பின் சாவியை நானே வைத்துக்கொண்டேன். ஒருநாள் நான் சேலம் போய்விட்டு வருவதற்குள், ஆட்கள் கதவைக் கீலோடு கழற்றி, மருந்தை எடுத்து அடித்துவிட்டு, பழையபடி மாட்டியிருந்தார்கள். "பூட்ட ஒருத்தனும் தொடல மாப்ளே," என்றார் மாமா, சட்டத்தைக் காப்பாற்றிய பெருமையோடு.

எஸ்டேட் முதலாளி மலைக்காரர். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: சாவி மாரியம்மன் கோயில் சூலத்தில் தொங்கட்டும், வேண்டுமென்றால் பூ கேட்டு எடுக்கட்டும். விதைப்போ கல்யாணமோ, அம்மனிடம் பூ கேட்பது அங்கே வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகக் காப்பி இலையில் மடித்துப் பூசாரி வைப்பார். கேட்கிறவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அன்றைக்கு வேண்டாம்.

"பொறுப்பான ஆளுகிட்ட இருக்கணும்னு ஆபீசர் சொன்னாருங்க," என்றேன்.

"ஆத்தாளை உட்டா இந்த மலையில பொறுப்பான ஆளு ஆரு இருக்கறா, நீயே சொல்லு கண்ணு?"

சாவியைக் கொண்டுபோய்ச் சூலத்தில் மாட்டினேன். அம்மனோ கறார். அடுத்தடுத்துச் சிவப்பாகவே கொடுத்தாள். பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். இதெல்லாம் சட்டமே இல்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், மாமாவின் குடியால் சண்டை முற்றி, அக்கா ஒருநாள் துணிமூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலையில் மாமா வந்தார். குளித்து, தலை சீவியிருந்தார். குடிக்கவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். "நொம்பச் சரி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் நடந்தார். கத்தாத மாமாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பின்னாலேயே ஓடினேன்.

நேராகக் கோயில். "சாவி குடுங்க. மருந்து அடிக்கோணும்."

அன்றைக்கு மருந்து அடிக்கிற வேலையே கிடையாது. பூசாரி பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதை எதிர்த்து அத்தனை நாள் புலம்பினேனோ, அதையே தொண்டை கிழியக் கத்தினேன்: "பூ கேக்காமக் குடுக்கக் கூடாதுங்க! சட்டம்!"

"சட்டம்னா சட்டந்தான்," என்று பூசாரி எழுந்து பூப்பறிக்கப் போனார். ஆடி அசைந்து திரும்பி வந்தார். மாமா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"பொழுது சாயட்டும், மறுக்காக் கேக்கலாம். அதுக்குள்ள அந்த சில்வர் ஓக் கட்டையப் பொளந்து போடு."

மாமா பிளந்தார். முதலில் வெறியோடு, பிறகு அழுதுகொண்டே. நான் விறகை அடுக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். வெகுநேரம் கழித்துக் கோடாலியைக் கீழே வைத்தார்.

"அவ வருவாளா மாப்ளே?"

பதில் கீழேயிருந்து ஏறி வந்தது. யாரோ சொல்லி, அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஏனுங்க, சாவி கேட்டீங்களாமா? ஊட்டுச் சாவி என்ற முந்தானையிலதான் இருக்குது, கேளுங்களேன் பாக்கலாம்! அதுக்கு வாயி வராதா?" திட்டும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விடாமல் அப்படியே இழுத்துக்கொண்டு போனாள்.

பிரிக்காத பொட்டலம் அம்மன் காலடியிலேயே கிடந்தது. பிரித்தேன். அதுவும் சிவப்பு.

"ரெண்டுமே செவப்பாங்க?"

"ஆத்தா வெள்ளைன்னு சொல்லிப்போட்டா நா என்ன சாமி பண்றது?" என்று பூசாரி பீடியை மறுபடி பற்றவைத்தார்.

கொஞ்ச நாளில் லைன் வாசலில் பழைய கத்தல் கேட்டது. "சன்னியாசம் போறேன், ஆமா!"

"மொதல்ல சோத்தத் தின்னுங்க."

லைனே சிரித்தது. இந்தத் தடவை நானும்.